சிவப்புக் கோட்டுக்குக் கீழே

பெயர் விட்டுப்போகவில்லை அம்மா. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

ஒன்பது வருஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு பையன்கள். அத்தனை பேரும் இந்த ஒன்பது ரிஜிஸ்டரில் இருக்கிறார்கள். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, தெரு, எந்தக் காலால் உதைப்பான், செஸ்ட் நம்பர். ஒரு பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று காட்டட்டும், நானே எழுந்து போய்விடுகிறேன். யாரும் என்னை அனுப்ப வேண்டியதில்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெட்டிமேல் உட்காருங்கள், உள்ளே பழைய பனியன்தான். நான் உங்களைப் பார்க்காமல் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பேசுகிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு அப்படித்தான் பேச வரும். என் வீட்டுக்காரி நாற்பது வருஷமாகச் சொல்கிறாள், நீ சுவரோடு பேசுகிற ஆள் என்று.

நீங்கள் மேனேஜ்மெண்டிலிருந்து வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை கூட்டம். நம் வங்கக்கரை கால்பந்து அணி சின்னப் பையன்களைச் சரியாகத்தான் பொறுக்கி எடுக்கிறதா, பொறுக்குகிற ஜெயசிங் மாஸ்டரை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேசப் போகிறீர்கள். அதுவரை சரி. ஆனால் உங்கள் கையில் இருக்கிற காகிதத்தில் மூன்றாவது வரியில் என்ன போட்டிருக்கிறது? படித்தீர்களே, இன்னொரு தடவை படியுங்கள். ‘பதிவில் பெயர் விடுபட்டதாகத் தெரிகிறது.’ தெரிகிறதாம். யாருக்குத் தெரிகிறது?

போன சனிக்கிழமை அந்த மகிமைராஜ், நம் மைதானத்திலேயே நம்மேல் இரண்டு கோல் போட்டுவிட்டு, டி.வி.காரன் நீட்டின மைக்கில் சொன்னான்: “சின்ன வயசுல இங்கதான் சார் ட்ரையல்ஸுக்கு வந்தேன். நம்பர் குடுக்கல. அனுப்சிட்டாங்க.” உடனே ஆபீசில் கம்ப்யூட்டரைத் தட்டினார்கள். பெயர் இல்லை. பெயர் இல்லை என்றால் என்ன முடிவு? எட்டாவது படித்த கிழவன் எழுதினது, விட்டிருப்பான். வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்தாவது ட்ரையல்ஸ். மேசையில் வேறு ஆளை உட்காரவைக்கப் போகிறார்களாம். அது உங்கள் காகிதத்தில் இல்லை, கேண்டீனில் சொன்னார்கள்.

நான் முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே ஒர்க்ஷாப்பில் டைம் ஆபீஸில் இருந்தவன். காலையில் நாலாயிரம் பேர் உள்ளே வருவார்கள். ஆளுக்கு ஒரு பித்தளை டோக்கன். சங்கு ஊதி மூன்று நிமிஷம், ஜன்னலைச் சாத்திவிடுவோம். அதற்குப் பிறகு என் சொந்த மச்சான் வந்து நின்றாலும் நின்றதுதான். நின்றிருக்கிறான். இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு டோக்கன் மாறினது கிடையாது. கன்னியப்பன் கணக்கு என்றால் ஃபோர்மேன் திரும்பி எண்ண மாட்டார். அப்படிப்பட்டவனைப் பார்த்து, ‘விடுபட்டதாகத் தெரிகிறது’ என்கிறார்கள்.

சரி. நீங்கள் கேட்டது பொறுக்கி எடுப்பதைப் பற்றி. அதைச் சொல்கிறேன். ஒன்பது வருஷமாக ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானாகப் போய்ச் சொல்கிற ஆளும் இல்லை.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு. அந்த வருஷத்துக்குள் பதிமூன்று வயசு முடிகிறவர்கள் மட்டும் வரலாம். ஜனவரி ஒன்றாம் தேதியிலிருந்து டிசம்பர் முப்பத்தொன்று வரை. போன வருஷத்துக்காரன் வரக் கூடாது, அடுத்த வருஷத்துக்காரனும் வரக் கூடாது. அதனால் ஒரு பையனுக்கு ஒரே ஒரு ஜூன்தான். எடுத்தால் ஹாஸ்டல், பள்ளிக்கூடம், பயிற்சி எல்லாம் கிளப் பார்த்துக்கொள்ளும், பதினெட்டு வயசில் பெரிய அணிக்குப் போகலாம். எடுக்காவிட்டால் வீட்டுக்கு.

மாஸ்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டை ஆபீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள், படித்தேன். முதல் ஐந்து வருஷத்தில் எடுத்தது முப்பத்துநாலு பேர், அதில் பன்னிரண்டு பேர் பெரிய அணி ஜெர்சியைப் போட்டுவிட்டார்கள், நூற்றுக்கு முப்பத்தைந்து, இந்த நாட்டில் எந்தக் கிளப்பிலும் இவ்வளவு கிடையாது. அப்படிப் போட்டிருந்தது. பக்கத்தில் பச்சை மையில் ஒரு பெரிய டிக்.

ஜெர்சி போட்டுவிட்டார்களாம். போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அந்த ஜெர்சியை மடித்துக் கொடுத்தவனே நான்தான். ஒருத்தன் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான், கழற்றிக் கொடுத்தான், வேர்வை கூட இல்லை. மூன்று பேர் ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் இறங்கினார்கள். எட்டு நிமிஷம், நாலு நிமிஷம், நாலு நிமிஷம். அதுவும் பன்னிரண்டில் சேர்த்திதான். என் கணக்கு வேறு. இருபத்தைந்து ஆட்டம் ஆடினால்தான் ஆட்டக்காரன் என்று நான் கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோட்டைத் தாண்டினவன் முப்பத்துநாலு பேரில் எத்தனை பேர் தெரியுமா? மூன்று பேர்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ரிப்போர்ட்டில் கிடையாது. மாஸ்டர் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பினாரே, அந்தப் பையன்கள் என்ன ஆனார்கள்? அவர்களை யார் எண்ணினது? நான் எண்ணினேன். பேப்பரில் வருகிற ஒவ்வொரு அணிப் பட்டியலையும் ரிஜிஸ்டரோடு வைத்துப் பார்ப்பேன். பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்து, ஊர். கேரளத்தில் இரண்டு பேர், கோவாவில் ஒருத்தன், பெங்களூரில் ஒருத்தன், பஞ்சாபில் ஒருத்தன். ஐந்து பேர். எல்லாரும் இருபத்தைந்து ஆட்டம் தாண்டினவர்கள். எடுத்ததில் மூன்று, தள்ளினதில் ஐந்து. இதற்குப் பச்சை மையில் டிக்கா?

தள்ளினவர்கள் ஆயிரம் பேர், அதில் ஐந்துதானே, எடுத்ததோ முப்பத்துநாலுதானே என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். படித்தவர்கள், வகுத்துப் பார்ப்பீர்கள். அந்த ஐந்து பேர் வீட்டில் போய் வகுத்துக் காட்டுங்கள்.

மாஸ்டர் எப்படிப் பொறுக்குவார் என்று உங்களுக்குத் தெரியாது. காகிதத்தில் ‘உடல் வளர்ச்சி மதிப்பீடு’ என்று போட்டிருக்கும். அது என்னவென்றால் அப்பாக்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்துவது. கடைசிச் சுற்றுக்கு வந்த பையன்களின் அப்பாக்களெல்லாம் வடக்கு கோல் போஸ்ட் பக்கம் போய் நிற்க வேண்டும். மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு தடவை நடப்பார். அப்பன் உயரமாக இருந்தால் பையனும் உயருவான், அவ்வளவுதான் மதிப்பீடு. பையன் ஆடும்போது பார்த்ததைவிட அப்பன் நிற்கும்போது பார்த்தது அதிகம்.

நாலாம் வருஷம், பார்த்திபன் என்று ஒரு பையன். நூற்று ஆறாம் நம்பர். டிசம்பர் மூன்றாம் தேதி பிறந்தவன். இத்தனூண்டு இருப்பான். பதினைந்து நிமிஷ ஆட்டத்தில் பதினெட்டுப் பந்து கொடுத்தான், பதினேழு போய்ச் சேர்ந்தது. அவன் அப்பா தையல்காரர், கழுத்தில் டேப்போடு அப்படியே வந்திருந்தார். வரிசையில் நிற்கும்போது பார்த்தேன், குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். மாஸ்டர் வருகிற வரை தூக்கிக்கொண்டே நின்றார். கால் நடுங்கிற்று. மாஸ்டர் தாண்டிப் போனதும்தான் இறக்கினார். பையனை எடுக்கவில்லை. கேரளத்தில் ஆடுகிற இரண்டு பேரில் ஒருத்தன் அவன்தான்.

அதே வருஷம் எடுத்த நிரஞ்சன், அப்பா ஆறடி. பையனுக்கு அப்போதே மீசை. தள்ளிக்கொண்டு ஓடினால் எதிரில் நிற்கிறவன் விழுவான். பதினாறு வயசில் மற்றவர்களும் வளர்ந்தார்கள், விழவில்லை. முடிந்துவிட்டது. இப்போது மூலக்கடையில் செல்போன் கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்துவான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குப் பதினைந்து வயசு வரைக்கும் நீதான் நீதான் என்று சொல்லி வைத்தார்களே, அவர்கள்மேல்தான்.

இந்த வரிசை விஷயம் தெருவெல்லாம் தெரிந்துவிட்டது. ஒருத்தன் தன் அப்பா குள்ளம் என்று எதிர்வீட்டு லாரி டிரைவரை அப்பாவாகக் கூட்டிக்கொண்டு வந்தான். மாஸ்டர் பெயர் கேட்டார். பையன் ஒரு பெயர் சொன்னான், டிரைவர் ஒரு பெயர் சொன்னார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்தேன், மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு அப்பாவ கொண்டாந்திருக்கான்யா, இவன விடக் கூடாது” என்று எடுத்துக்கொண்டார். இப்படியா ஒரு கிளப் ஆளை எடுப்பது? அந்தப் பையன் இருபத்தைந்து தாண்டின மூன்று பேரில் ஒருத்தனாகிவிட்டான், அது வேறு விஷயம். முறை என்று ஒன்று வேண்டாமா?

இன்னும் ஒன்று. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐந்தாம் வருஷம், ஆஸ்பத்திரியில் கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு எடுத்த பையன்களின் பிறந்த தேதிகளை மட்டும் தனியாக எழுதினேன். எழுதினால் ஒரே ஜனவரி, ஃபிப்ரவரி. முதலில் நான் தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைத்து இரண்டாம் தடவை எழுதினேன். அப்படியேதான் வந்தது. இன்றைக்கு ஒன்பது வருஷத்துக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எடுத்தது மொத்தம் அறுபத்துமூன்று பேர். ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் பிறந்தவர்கள் நாற்பத்தொன்று. மே முதல் ஆகஸ்ட் வரை பதின்மூன்று. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை ஒன்பது.

ஏன் என்று புரிகிறதா அம்மா? ஜனவரிக்காரனும் டிசம்பர்க்காரனும் ஒரே களத்தில் நிற்கிறார்கள். பதினொரு மாதம் மூத்தவன். அந்த வயசில் பதினொரு மாதம் என்றால் அரையடி. மாஸ்டர் திறமை என்று நினைத்து எடுத்ததெல்லாம் காலண்டரை. வருஷக் கடைசியில் பிறந்தது அந்தப் பையன் செய்த குற்றமா? அவனுக்கென்று ஒரு வார்த்தை பேச இந்த மைதானத்தில் யார் இருந்தார்கள்?

நான் ஒரு வெள்ளைக் காகிதத்தில் இதை அழகாக எழுதினேன். மாதம் ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம். சட்டைப் பையில் பதினாறு நாள் வைத்திருந்தேன். மாஸ்டரைப் பார்த்தால் வாய் எழும்பவில்லை. கடைசியில் ஒரு நாள் அவர் இல்லாத நேரம் அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அவர் என்னைப் பார்த்து, “சாப்ட்டாச்சா கன்னியப்பன்” என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த ஜூனில் மறுபடி அதே ஜனவரி, அதே ஃபிப்ரவரி. அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஆள் தெரிந்தே செய்கிறார் என்று. நாலு வருஷமாக அவரோடு நான் அநாவசியமாகப் பேசுவதில்லை.

படித்தாரா என்றால்? மேசைமேல்தான் வைத்தேன். மேலே எதுவும் வைக்கவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஓடினால் என்ன, தன் மேசையில் இருந்து பறந்ததை ஒருத்தர் எடுத்துப் பார்க்க மாட்டாரா?

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கிளப் நன்றாகப் பொறுக்குகிறதா என்று கேட்டால், இல்லை. கன்னியப்பன் சொன்னான் என்றே போடுங்கள். எடுத்ததில் மூன்று, தள்ளினதில் ஐந்து.

ஆறா?

ஆறு இல்லை. ஐந்து. மகிமைராஜைச் சேர்க்கக் கூடாது. மாஸ்டர் அவனைத் தள்ளவில்லை. மாஸ்டர் பார்த்தால்தானே தள்ளுவார். அவன் ட்ரையல்ஸுக்கே வரவில்லை. வந்தான், ஆனால் வரவில்லை. இருங்கள், காட்டுகிறேன். இரண்டாம் வருஷத்து ரிஜிஸ்டர் இது. ஜூன் பதினாலு, ஞாயிறு. காலை ஐந்தரைக்குத் திறந்தது. கடைசிப் பெயர் பாருங்கள், இருநூற்றுப் பதினாலு. அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் நேரம். ஏழு மணி. என் கையெழுத்து. கோட்டுக்கு மேலே மகிமைராஜ் என்று ஒருவன் இருக்கிறானா? இல்லை. கோட்டுக்குக் கீழே யாரும் இருக்க முடியாது. இப்போது சொல்லுங்கள், பெயர் விட்டுப்போயிற்றா?

அவன் வந்தது ஏழு மணி எட்டு நிமிஷத்துக்கு.

முந்தின ராத்திரி நல்ல மழை. சுரங்கப்பாதையில் தண்ணீர். இருநூற்றுப் பதினாலு பேரும் அதே மழையில்தானே வந்தார்கள்? அவன் மட்டும் கேட்டைத் தட்டிக்கொண்டு நிற்கிறான். இடுப்பு வரைக்கும் ஈரம். கேன்வாஸ் ஷூவை லேஸ் முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டியிருந்தான். கூட யாரும் இல்லை. பிறந்த சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்.

“சப்வேல தண்ணி தாத்தா. மூலக்கொத்தளம் பக்கமா சுத்திக்கினு ஓடியாந்தேன்” என்றான்.

ஏழு மணிக்கு மூடியாச்சு என்றேன். எட்டு நிமிஷம்தானே தாத்தா என்றான். ஒர்க்ஷாப்பில் மூன்று நிமிஷத்துக்கு அரை நாள் போய்விடும், இங்கே எட்டு நிமிஷம்தானே என்கிறான். இன்றைக்கு எட்டு நிமிஷத்துக்குத் திறந்தால் நாளைக்குப் பதினைந்து, அப்புறம் அரைமணி. முதல் வருஷம் என்ன நடந்தது தெரியுமா, வட்டச் செயலாளர் ஒருத்தர் எட்டு மணிக்கு ஒன்பது பையன்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் திறக்கவில்லை. சட்டையைப் பிடித்தார்கள், பொத்தான் போயிற்று, திறக்கவில்லை. மாஸ்டரே எல்லார் எதிரிலும் சொன்னார், கன்னியப்பன் மேசையைத் தாண்டி ஒரு ஈ வராது என்று. வட்டச் செயலாளருக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா?

அடுத்த வருஷம் வா என்று சொன்னேன்.

“அடுத்த வருசம் வயசு தாண்டிடும் தாத்தா” என்றான். கம்பி வழியாக அந்தக் கவரை நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். பார்க்காமல் அனுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது. சான்றிதழ் நனையவில்லை. நவம்பர் பத்தொன்பது.

ஆமாம், நவம்பர்.

நான் அந்தக் கணக்கை எழுதினது ஐந்தாம் வருஷம். இது இரண்டாம் வருஷம். அதையும் இதையும் சேர்த்துப் பேசாதீர்கள்.

கவரைத் திருப்பிக் கொடுத்தேன். அழவில்லை அவன். போகவும் இல்லை. மதில் ஓரமாகப் போய் நின்றுகொண்டான். தெரு பொது இடம், நான் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கேட்டதனால் அந்தப் பக்கத்தில் இருக்கிற மற்றதையும் படித்துவிடுகிறேன். மறைத்து வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ‘பந்து: எடுத்தது பதினாலு. திரும்பினது பதினாலு. குறைவு இல்லை.’ இந்த ஒன்பது ட்ரையல்ஸில் பந்து குறையாத நாள் அது ஒன்றுதான். தெருப்பக்கத்து மதில் பத்தடி. சின்னப் பையன்கள் பதற்றத்தில் உதைத்தால் மேலே போய்விடும். வெளியே விழுந்த பந்து விழுந்ததுதான், எவனாவது தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். வருஷத்துக்கு மூன்று நாலு போகும், நான் ஆபீசில் நின்று பதில் சொல்லுவேன். அன்றைக்கு ஒன்பது தடவை பந்து வெளியே போயிற்று. ஒன்பது தடவையும் திரும்பி வந்தது.

எப்படி வந்தது என்றால், மதிலுக்கு மேலே வந்தது. முதல் பந்து வந்ததும் கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தேன். பந்து எதிர் வரிசைக் கடைகள் வரைக்கும் உருண்டிருந்தது. அவன் அங்கேயே வைத்து, மூன்று அடி பின்னால் போய், இடது காலால் உதைத்தான். பந்து மதிலைத் தாண்டி, தெற்கு கோலைத் தாண்டி வந்து நடு வட்டத்தில் விழுந்தது. விழுந்து குதிக்கவில்லை, நின்றது. இரண்டாம் பந்தும் அங்கேயே. பிறகு நான் பார்க்கவில்லை, சத்தத்திலேயே தெரிந்துவிடும். வெளியே தொப்பென்று ஒரு சத்தம், அப்புறம் உள்ளே நடு வட்டத்தில் ஒரு சத்தம். ஒன்பதும் அந்த வட்டத்துக்குள்தான் விழுந்தது. உள்ளே நடப்பது எதுவும் அவனுக்குத் தெரியாது, மதில் மறைக்கும். எங்கே விழுகிறது என்று தெரியாமலே ஒன்பது தடவை. நான் எண்ணினேன். பந்துக்குப் பொறுப்பு நான்தானே.

மாஸ்டர் கவனித்தாரா என்று கேட்கிறீர்கள். கவனித்தார். நாலாவது பந்து வந்தபோது விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். அவர் நாற்காலி அந்தக் கோடியில், வடக்கு கோலுக்குப் பக்கத்தில். அங்கிருந்து கத்தினார்.

“யாருப்பா அது வெளிய?”

“ரோட்ல போறவன் யாரோ சார்” என்றேன்.

வேறு என்ன சொல்வது? நம்பர் இல்லாதவனுக்குப் பெயர் சொல்ல முடியுமா? மாஸ்டர் கொஞ்ச நேரம் மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுத்த செட்டுக்கு விசில் அடித்தார். பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்து கேட்டைத் திறந்தபோது மதிலோரம் யாரும் இல்லை.

எட்டு வருஷம் அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போன சனிக்கிழமை ஆட்டம் முடிந்து, டி.வி.யில் அவன் அதைச் சொன்ன பிறகு, மாஸ்டர் இந்த அறைக்கு வந்தார். இங்கேதான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற பெட்டிக்கிட்டே நின்றார். “கன்னியப்பன், அன்னைக்கு வெளியேந்து பந்து வந்துதே” என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார். நான் பனியன் மடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பனியன் மடிக்கிற நேரம் நின்றார். போய்விட்டார்.

என்ன? அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரா? எங்கே, காட்டுங்கள். என் கண்ணாடி எங்கே போயிற்று. நீங்களே படியுங்கள்.

‘அவனைத் தவறவிட்டது நான். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை.’

கையெழுத்தும் போட்டிருக்கிறார். தேதி?

பார்த்தீர்களா. அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பீர்கள், இப்போது அவர் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் என் ரிஜிஸ்டரில் என்ன குறை? அந்த மூன்றாவது வரியை அடித்துவிடுங்கள். என் எதிரிலேயே அடியுங்கள். சிவப்பு மை வேண்டுமானால் தருகிறேன்.

ஏன் அம்மா பேனாவை மூடுகிறீர்கள்?

நான் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை. மாஸ்டருக்குக் கண் இருக்கிறது என்றுதானே இத்தனை வருஷம் வைத்திருக்கிறீர்கள்? கண் இருக்கிறவர் நாலாவது பந்திலேயே எழுந்து வந்து பார்த்திருக்க வேண்டாமா? விசிலைப் பக்கத்தில் இருக்கிறவனிடம் கொடுத்துவிட்டு நடந்து வந்திருக்க வேண்டாமா? ரோட்டில் போகிறவன் என்று ஒருத்தன் சொன்னால், அப்படியே நம்பி உட்கார்ந்துவிடுவதா? ஒரு பையனுக்கு ஒரே ஒரு ஜூன். அவர் நாற்காலியிலிருந்து கேட்டுக்கு நூற்று முப்பத்தெட்டு தப்படி. நான் காலால் அளந்து பார்த்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வந்து, ஒருவரும் இல்லாதபோது, இரண்டு தடவை நடந்து எண்ணினேன். நூற்று முப்பத்தெட்டு. அது ஒரு தூரமா? அந்த நூற்று முப்பத்தெட்டு தப்படி நடக்காததற்கு என்ன பெயர், நீங்களே சொல்லுங்கள்.

என் மேசையிலிருந்து கேட்டுக்கு எத்தனை தப்படியா?

மேசையைக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் அம்மா போடுவார்கள். உட்கார்ந்தபடியே கையை நீட்டினால் தாழ்ப்பாள்.